வட்டமும் முக்கோணமும்: பூட்டிய அலமாரியில் ஒரு கணித ஆசிரியர்

தில்லியில் நாடாளுமன்றத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. 1927 ஜனவரி 18-ஆம் தேதி திறக்கப்பட்ட பழைய கட்டடம் வட்டம். 2023 மே 28-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய கட்டடம் முக்கோணம். பழைய கட்டடத்துக்கு ஹெர்பர்ட் பேக்கர் முதலில் எண்ணியது மூன்று சிறகுகள் கொண்ட முக்கோண அமைப்புதான்; லட்யன்ஸ் வலியுறுத்தியதால் அது வட்டமாயிற்று என்பது கட்டடக்கலை வரலாறு. கைவிடப்பட்ட முக்கோணம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, மனையின் வடிவம் காரணமாக, பக்கத்து இடத்திலேயே எழுந்து நிற்கிறது.

பழைய கட்டடத்தின் விட்டம் 170.69 மீட்டர், சுற்றளவு 536.33 மீட்டர் என்பது அதிகாரபூர்வக் குறிப்பு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 3.142 கிடைக்கும். வெளித் தாழ்வாரத்தில் உள்ள தூண்கள் 144. அவை சம இடைவெளியில் நிற்கின்றன எனக் கொண்டால், அடுத்தடுத்த இரு தூண்களுக்கு இடையே மையத்தில் அமையும் கோணம் இரண்டரை டிகிரி. கூட்டத்தொடர் நடைபெறும் நாள்களில் பல மாநிலங்களிலிருந்து பள்ளி மாணவர்கள் பார்வையாளர் மாடத்துக்கு அழைத்து வரப்படுகிறார்கள். பிரதமர் எங்கே அமர்வார், எதிர்க்கட்சித் தலைவர் எங்கே அமர்வார் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அந்தத் தூண்களை எண்ணிப் பார்க்கும்படி எந்த ஆசிரியரும் சொல்லி இக்கட்டுரையாளர் கேட்டதில்லை.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் 2024 டிசம்பர் 4-ஆம் தேதி மத்திய அரசு நடத்திய "பரக்" தேசிய ஆய்வின் முடிவுகளை இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். 21 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில் கணிதத்தில் தேசிய சராசரி மூன்றாம் வகுப்பில் 60 சதவீதம், ஆறாம் வகுப்பில் 46 சதவீதம், ஒன்பதாம் வகுப்பில் 37 சதவீதம். வகுப்பு உயர உயர மதிப்பெண் இறங்குகிறது. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடைப்பட்ட நடுநிலை வகுப்புகளில்தான் கணிதம் கையை விட்டுத் தாளுக்குப் போகிறது. வடிவியலும் அங்கேதான் விளையாட்டிலிருந்து வரையறைக்கு மாறுகிறது.

அந்த மாற்றம் ஏன் பலருக்குக் கைகூடுவதில்லை என்பதை 1957-இலேயே நெதர்லாந்தைச் சேர்ந்த ஆசிரியத் தம்பதியரான பியர் வான் ஹீலேவும் டீனா வான் ஹீலேவும் விளக்கினர். குழந்தை முதலில் வடிவத்தை அதன் தோற்றத்தைக் கொண்டே அறிகிறது. பிறகுதான் பண்புகளைக் கொண்டு அறிகிறது. தருக்கமுறை நிறுவல் அதற்கும் பின்னால் வருகிறது. இடையில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்க முடியாது என்பது அவர்கள் கண்டது. நம் பாடநூல்களில் சதுரம் எப்போதும் அடித்தளம் கிடையாக, நேராக உட்கார்ந்திருக்கும். அதையே 45 டிகிரி சாய்த்துக் காட்டினால், "இது சதுரம் இல்லை, டைமன்" என்று சொல்லும் ஏழாம் வகுப்பு மாணவர் எந்த ஊரிலும் கிடைப்பார். அவர் தவறு செய்யவில்லை. தமக்குக் காட்டப்பட்ட ஒரே படத்துக்கு விசுவாசமாக இருக்கிறார்.

மாணவர் கையில் ஒரு கேமராவைக் கொடுத்து, தெருவில் உள்ள சதுரங்களைப் படம்பிடித்து வரச் சொன்னால் என்ன ஆகும்? ஜன்னல் கம்பி, தரையோடு, சாய்ந்து நிற்கும் போக்குவரத்துப் பலகை, கேரம் பலகை, மடித்த கைக்குட்டை என்று இருபது சதுரங்கள் இருபது நிலைகளில் வந்து சேரும். சாய்ந்தவை, தலைகீழானவை, பாதி மறைந்தவை எல்லாம் அதில் இருக்கும். "இவற்றில் எது உண்மையில் சதுரம், எப்படித் தெரியும்?" என்ற கேள்வியிலிருந்து வரையறை பிறக்கும். படத்தின் மேல் அளவுகோலும் கோணமானியும் வைத்தாக வேண்டிய நிலைமை மாணவருக்கே வந்துவிடும்.

இதைத் தொடங்குவதற்கு இந்தியாவில் திருவனந்தபுரத்தை விடப் பொருத்தமான நகரம் இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கருவிகளும் அங்கே உள்ளன, கட்டடங்களும் உள்ளன.

கருவிகளை முதலில் பார்ப்போம். கேரளத்தில் 2001-இல் "ஐ.டி. அட் ஸ்கூல்" திட்டம் தொடங்கப்பட்டது. அதன் இன்றைய வடிவமான "கைட்" நிறுவனத்தின் தலைமையகம் திருவனந்தபுரம் பூஜப்புரையில் இருக்கிறது. 2005 ஜூலையில் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்ததும் இதே திட்டத்தின் கீழ்தான். பின்னர் உயர் தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தில் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினி, படவீழ்த்தி ஆகியவை வழங்கப்பட்டன. அத்துடன் பள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில் சுமார் 4,500 டிஎஸ்எல்ஆர் கேமராக்களும் போயின. இந்தியாவில் வேறு எந்த மாநில அரசும் இந்த அளவில் அரசுப் பள்ளிகளுக்கு நல்ல கேமராக்களை வாங்கித் தந்ததாகத் தெரியவில்லை. 2020 அக்டோபரில் பொதுக் கல்வி முழுமையாக டிஜிட்டல்மயமான முதல் மாநிலம் என்று கேரளம் தன்னை அறிவித்துக் கொண்டது.

அந்தக் கேமராக்கள் என்ன செய்கின்றன? 2018-இல் தொடங்கப்பட்ட "லிட்டில் கைட்ஸ்" மாணவர் மன்றங்கள் 2,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் உள்ளன. அந்த மாணவர்கள் கேமராவை இயக்கக் கற்கிறார்கள். பள்ளி ஆண்டு விழா, கலைவிழா, விளையாட்டுப் போட்டி ஆகியவற்றைப் படம்பிடிக்கிறார்கள். நல்ல பணிதான். ஆனால் அது செய்தித்துறைப் பயிற்சி. கணித ஆசிரியர் அந்தக் கேமராவைக் கேட்டு வாங்கினார் என்பது அபூர்வம். மற்ற நாள்களில் அது தலைமையாசிரியர் அறையின் அலமாரியில் இருக்கும். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற கவலை நாட்டில் உள்ள எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் பொதுவானது, கேரளம் விதிவிலக்கல்ல.

இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. ஒன்று முதல் ஏழு வரையிலான வகுப்புகளுக்கென அமைந்த கணினி ஆய்வகத் திட்டத்தில் பிரதானமாகப் போனவை மடிக்கணினிகளும் படவீழ்த்திகளும்தான். கேமரா எட்டாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. வடிவியலோ ஐந்திலும் ஆறிலும் தொடங்கிவிடுகிறது. தேவைப்படும் வயதுக்கு இரண்டு மூன்று ஆண்டு பிந்தி கருவி வந்து சேருகிறது.

விந்தை என்னவென்றால், 2024-இல் ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலில் செயற்கை நுண்ணறிவு சேர்க்கப்பட்டது. மனித முகத்தின் உணர்ச்சிகளைப் படத்திலிருந்து அடையாளம் காணும் நிரலை மாணவர்களே உருவாக்கும் பயிற்சி அதில் உண்டு. முதல் மாநிலம் என்ற பெருமையும் பேசப்பட்டது. முகத்தில் சிரிப்பைக் கண்டுபிடிக்க இயந்திரத்துக்குக் கற்றுத் தரும் அதே மாணவரிடம், ஒரு கூரையின் படத்தைக் கொடுத்து அதன் சாய்வுக் கோணம் எத்தனை டிகிரி என்று கேட்பாரில்லை. பள்ளிக் கணினிகளில் நிறுவப்பட்டுள்ள ஜியோஜீப்ரா மென்பொருளில் ஒரு படத்தைப் பின்புலமாக வைத்து, அதன் மேல் புள்ளிகளைக் குறித்து, கோணத்தையும் நீளத்தையும் அளக்க முடியும். அந்த மென்பொருளைப் பாடத்திட்டத்தில் இவ்வளவு ஆழமாகச் சேர்த்த மாநிலம் கேரளம்தான். ஆக, கேமரா ஒரு அறையில், மென்பொருள் ஒரு அறையில், கணித ஆசிரியர் மூன்றாவது அறையில். மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டு வருவதுதான் மிச்சம் இருக்கும் வேலை.

இனி கட்டடங்கள். தம்பானூர் பேருந்து நிலையத்தின் அருகே உள்ள இந்தியன் காபி ஹவுஸை அறியாத திருவனந்தபுரத்துக்காரர் இல்லை. சென்னை ரயிலிலிருந்து இறங்கும் தமிழர்களில் பலருக்கும் அது முதல் காபி. லாரி பேக்கர் வடிவமைத்த அந்தச் செங்கல் உருளைக்குள் தனித்தனி மாடிகள் கிடையாது. தளம் சுருளாகச் சுற்றி ஏறிக்கொண்டே போகிறது. (தில்லியில் வட்டத்தோடு பெயர் சேர்ந்த பேக்கர் ஒருவர், திருவனந்தபுரத்தில் வட்டத்தைச் சுழற்றி மேலே ஏற்றிய பேக்கர் இன்னொருவர். முன்னவர் பேரரசுக்குக் கட்டினார். பின்னவர் கையில் காசில்லாதவர்களுக்குக் கட்டினார்.)

அங்கே ஒரு மேசையில் அமர்ந்து பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் அதுவே ஒரு முழுப் பாடம். தளம் சரிந்திருக்கிறது, மேசை மட்டமாக நிற்கிறது, கோப்பையில் உள்ள காபியின் மேற்பரப்பு மட்டத்துக்குச் சாட்சி சொல்கிறது. தளத்தின் கோட்டுக்கும் காபியின் கோட்டுக்கும் இடையே உள்ள கோணத்தைப் படத்திலேயே அளந்துவிடலாம். ஒரு முழுச் சுற்றுக்குத் தளம் எவ்வளவு உயர்கிறது, சுவரோரமாக நடப்பவரும் உட்புறமாக நடப்பவரும் ஒரே உயரத்தை அடைய நடக்கும் தூரங்கள் ஏன் வேறுபடுகின்றன, உட்புறப் பாதை ஏன் செங்குத்தாகத் தோன்றுகிறது என்று கேள்விகள் தொடரும். ஏழாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு படித்தவருக்கு இவற்றில் பெரும்பாலானவை எட்டும்.

உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்திலும் பேக்கரின் சுவர்கள் இருக்கின்றன. வளையும் சுவர்கள், இடைவெளிகளையே அலங்காரமாக்கிய செங்கல் சாளரங்கள், செங்கலை நிமிர்த்தி வைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை. ஒரு சுவரின் படத்தில் எந்த அலகு திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடுவது தளநிரப்பிப் பாடம். வெற்றிடம் விடுவதால் எத்தனை செங்கல் மிச்சம் என்று கணக்கிட்டால், வடிவியல் வீட்டுக் கட்டுமானச் செலவுக்கு வந்து சேர்ந்துவிடும். 2007-இல் மறைந்த பேக்கருக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கும்.

பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் வேறொரு பாடம். சம இரவு பகல் நாள்களில் மறையும் சூரியன் கோபுர வாயில்களின் வழியே ஒவ்வொன்றாகத் தெரிவதைப் படமெடுக்க ஆண்டுக்கு இருமுறை கூட்டம் கூடுகிறது. கோபுரத்தின் முகப்பு ஒரு சரிவகம். அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் படத்தில் அது மேலும் குறுகிவிடும். அந்தக் குறுக்கத்தில் சிற்பி செய்தது எவ்வளவு, கேமரா செய்தது எவ்வளவு? பின்னால் நகர்ந்து, பத்மதீர்த்தக் குளத்தின் மறுகரையிலிருந்து எடுத்த படத்துடன் ஒப்பிட்டால் விடை துலங்கும். நீரில் தெரியும் பிம்பம் எதிரொளிப்புச் சமச்சீரை இலவசமாகக் கற்பிக்கும்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. "படம் பார், வடிவம் சொல்" என்ற அளவில் நிறுத்தினால் இந்த முறை பயனற்றது மட்டுமல்ல, தவறானதும்கூட. கேமரா பொய் சொல்லும். தண்டவாளங்கள் இணையானவை, படத்தில் சந்திக்கும். சைக்கிள் சக்கரம் வட்டமானது, படத்தில் நீள்வட்டமாகும். செவ்வகக் கதவு சரிவகமாகும். 1966-இல் தும்பாவில் ராக்கெட்டின் முனைக்கூம்பை ஊழியர் ஒருவர் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிச் செல்வதை ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸோன் எடுத்த புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அதில் கூம்பும் உண்டு, சக்கரமும் உண்டு. ஆனால் அந்தத் தாளில் உள்ளவை முப்பரிமாணப் பொருள்களின் நிழல்கள்தாம். எந்த அளவு மாறாமல் நின்றது, எது மாறியது, பொருளின் தளத்துக்கு நேராகக் கேமராவைப் பிடித்தால் மட்டும் ஏன் கோணங்கள் அப்படியே கிடைக்கின்றன என்று கேட்கும்போதுதான் வடிவொப்புமைப் பாடம் தொடங்குகிறது. ஆகவே, ஒவ்வொரு படத்துடனும் அந்தப் பொருளைக் கையால் அளந்த அளவும் இருந்தாக வேண்டும். கதவைப் படமெடுத்தவர் கதவை நாடாவால் அளந்திருக்கவும் வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள மாணவர் பங்கேற்கும் வழியும் இதுவே. பேக்கரின் சுவர்த் துளைகளை விரலால் தடவி எண்ணலாம்.

திருவனந்தபுரத்துத் தமிழ் மாணவர்களுக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. சாலைக் கடைவீதியைச் சுற்றித் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். தமிழ் வழிப் பள்ளியும் உண்டு. கேரள அரசு தமிழிலும் பாடநூல் அச்சிடுகிறது. தமிழில் சதுரம் என்றால் நான்கு பக்கமும் சமம். மலையாளத்தில் சதுரம் என்றால் அது நமது செவ்வகம். நமது சதுரத்துக்கு அங்கே "சமசதுரம்" என்று பெயர். வகுப்பில் ஒரு பொருளும் வீதியில் வேறொரு பொருளும் தரும் இந்தச் சொல்லோடு ஒரு பத்து வயதுக் குழந்தை மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு படங்களை மேசையில் வைத்தால் சொற்குழப்பம் தீர்ந்துவிடும். மொழிச் சிறுபான்மையினரின் கல்வி பற்றிப் பேசும்போது ஆசிரியர் பணியிடங்களையும் பாடநூல் தாமதத்தையும் பேசுகிறோம். இப்படிப்பட்ட நுணுக்கங்கள் எந்த மனுவிலும் இடம்பெறுவதில்லை.

தில்லிக்கு வருவோம். 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அன்று முதல் பள்ளிக் கல்வி பற்றிய கேள்விகளுக்கு அவையில் வைக்கப்படும் பதில்களில் ஒரு வாக்கியம் நிரந்தரமாகிவிட்டது: கல்வி பொதுப்பட்டியலில் உள்ளது, பள்ளிகளில் பெரும்பாலானவை மாநில அரசுகளின் அதிகார வரம்பில் உள்ளன. பொறுப்பு கேட்டால் இந்த வாக்கியம்; நிதி கேட்டால் நிபந்தனை. பி.எம். ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால் சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25-ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டதாகக் கூறித் தமிழகம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. கேரளம் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டது. கூட்டணிக்குள் எழுந்த எதிர்ப்பால் அடுத்த சில நாள்களிலேயே அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. நிலுவை நிதியை விடுவிக்க வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2025 மார்ச்சிலேயே பரிந்துரைத்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மாநிலங்களின் நிலைப்பாடு நியாயமானது என்பதில் இக்கட்டுரையாளருக்கு ஐயமில்லை. ஒரு திட்டத்தின் நிதியை வேறொரு திட்டத்துக்கான கையெழுத்துக்குப் பிணையாக வைப்பது கூட்டாட்சிக்கு அழகல்ல. ஆனால் அந்தப் போராட்டம் முடியும்வரை வகுப்பறையில் எதுவும் செய்ய இயலாது என்பது வேறு வாதம். அதை ஏற்க முடியாது. கேரளத்தின் கேமராக்கள் தில்லியின் பணத்தில் வாங்கப்பட்டவை அல்ல. மாநிலத்தின் உள்கட்டமைப்பு நிதி வாரியம் திரட்டிய நிதியில் வாங்கப்பட்டவை. அவற்றை ஏழாம் வகுப்புக்கு வாரத்தில் ஒருநாள் இரவல் தர எந்த அமைச்சகத்தின் அனுமதியும் தேவையில்லை.

செயல்வழிக் கணிதம் நமக்குப் புதிதல்ல. 2005 தேசியக் கலைத்திட்டத்துக்கான கணிதக் குழுவுக்குச் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமை வகித்தார். கணிதம் குழந்தைகளிடம் அச்சத்தையும் தோல்வி உணர்வையும் விதைக்கிறது, குழந்தையின் சிந்தனையே கணிதமயமாவதுதான் நோக்கமாக இருக்க வேண்டும் என்பது அக்குழுவின் மையக் கருத்து. அதே காலகட்டத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் கணித ஆய்வகங்களை வலியுறுத்தியது. பிறகு நடந்தது என்ன? பல பள்ளிகளில் ஆய்வகம் என்பது ஒரு பதிவேடாயிற்று. சென்ற ஆண்டு மாணவரின் பதிவேட்டைப் பார்த்து இந்த ஆண்டு மாணவர் நகலெடுத்தார். கேமராவுக்கும் அந்தக் கதி நேரலாம். கேரளப் பள்ளிக் கணித விழாக்களில் வடிவியல் விளக்கப்படத்துக்குத் தனிப் போட்டியே உண்டு. புகைப்படமும் அங்கே போய்ச் சேர்ந்து, நல்ல கேமரா வைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைக்குப் பரிசு என்று ஆகிவிடக் கூடாது. எனவே, பள்ளிக் கேமரா மட்டும். அழகுக்கு மதிப்பெண் இல்லை. அளவுக்கு மட்டுமே மதிப்பெண். மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்ற கேரளத்தின் விதியையும் தளர்த்த வேண்டியதில்லை. மனித முகங்கள் படத்தில் வேண்டாம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடலாம். கோணமானிக்கு முகம் தேவையில்லை.

தமிழகத்துக்கு இதில் கற்க உண்டு, தரவும் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து 1974-இல் கோலங்களைக் கணினி அறிவியலின் வரிசை இலக்கணத்தோடு இணைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். உலக அறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் பணி அது. அந்தக் கோலம் அரசு நடுநிலைப் பள்ளி வாசலில், மாணவியின் வீட்டு வாசலில், நாள்தோறும் இருக்கிறது. நின்றபடி எடுத்தால் புள்ளிச் சதுரம் சரிவகமாகும்; மொட்டைமாடியிலிருந்து நேர்கீழாக எடுத்தால் சதுரமாகவே இருக்கும். எத்தனை சமச்சீர் அச்சுகள், எத்தனை டிகிரி சுழற்றினால் தன்னோடு தானே பொருந்தும் என்று கேட்கலாம். தமிழகப் பள்ளிகளில் கேரளத்தைப் போலப் பள்ளிக்கொரு கேமரா இல்லை. ஆசிரியரின் கைப்பேசி இருக்கிறது. வருகைப் பதிவு முதல் நலத்திட்ட விவரம் வரை அனைத்தையும் அதில்தான் பதிவேற்றச் சொல்கிறோம். வாரம் ஒரு பாடவேளை அது கணிதத்துக்கும் பயன்படட்டும்.

கேரளத்துக்கு வேண்டியது பூஜப்புரையிலிருந்து ஒரு சுற்றறிக்கை. உயர்நிலைப் பள்ளியின் கேமராவை அருகில் உள்ள தொடக்கப் பள்ளியும் பயன்படுத்தலாம், இயல்பான பயன்பாட்டில் பழுதானால் ஆசிரியரின் சம்பளத்தில் பிடித்தம் இல்லை என்ற இரண்டு வரிகள் அதில் இருந்தால் போதும். லிட்டில் கைட்ஸ் மாணவர்களே சிறியவர்களுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுத் தருவார்கள். 2018-ஐ ஒட்டி வாங்கிய கருவிகளுக்கு வயதாகி வருகிறது. அலமாரியில் இருந்தாலும் மின்கலம் கெடும். கேரளத்தில் பள்ளிகள் ஜூன் மாதம் திறக்கின்றன. அதற்கு முன் விடுமுறையில் நடக்கும் ஆசிரியர் பயிற்சியில் இதற்கு அரை நாள் ஒதுக்கலாம். பயிற்சியைக் காபி ஹவுஸின் இரண்டாவது சுற்றிலேயே வைத்துக்கொள்ளலாம்.